நல்ல கிருமி யாருக்கு, கெட்ட கிருமி யாருக்கு?

நகரத்து மனிதனின் மனச்சோர்வுக்கும் அவன் காலடி மண்ணில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று சில ஆண்டுகளாக விஞ்ஞானிகள் கூறி வருகிறார்கள். இதைக் கேட்டதும் நமது தோழர்களில் சிலர் சிரிக்கிறார்கள். "மூன்று மாத வாடகை பாக்கி, ஆலையில் ஆட்குறைப்பு, மகளின் பள்ளிக் கட்டணத்துக்குக் கடன். மனம் சோர்வதற்கு இவை போதாதா? கிருமியாவது, மண்ணாவது!" என்கிறார்கள்.

அவர்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் இந்த விஷயத்தைச் சிரித்துத் தள்ளிவிட்டால் நஷ்டம் நமக்குத்தான். ஏனென்றால் சிரிக்காமல் உன்னிப்பாகக் கவனிப்பவர்கள் வேறு சிலர் இருக்கிறார்கள். நல்ல கிருமிகளைப் புட்டியில் அடைத்து விற்கும் கம்பெனிகள் கவனிக்கின்றன. தோட்டம், குளம், மரநிழல் சேர்த்து மாளிகை வீடுகளை விலை பேசும் வீட்டுமனை முதலாளிகள் கவனிக்கிறார்கள். "கொஞ்சம் அழுக்கு உடம்புக்கு நல்லதுதானாமே" என்று சொல்லிச் சேரியின் சாக்கடைப் பிரச்னையைத் தட்டிக் கழிக்கக் காத்திருக்கும் கனவான்களும் கவனிக்கிறார்கள். எனவே விஞ்ஞானம் உண்மையில் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதை உழைப்பாளி மக்கள் தெரிந்து கொள்வது அவசியம்.

முதலில் ஒன்று. நகரம் என்பது மனிதர்கள் மட்டும் குடியிருக்கும் இடமல்ல. 2015 முதல் 2017 வரை உலகத்தின் 60 நகரங்களில் ஆராய்ச்சியாளர்கள் ரயில், பஸ் நிலையங்களுக்குச் சென்று, ஜனங்கள் தொடும் கைப்பிடிகளையும் பெஞ்சுகளையும் டிக்கெட் இயந்திரங்களையும் பஞ்சினால் துடைத்து 4,700-க்கு மேற்பட்ட மாதிரிகளைச் சேகரித்தார்கள். 2021-ல் முடிவுகள் வெளிவந்தன. ஏறக்குறைய எல்லா மாதிரிகளிலும் காணப்பட்ட பாக்டீரியா வகைகள் 31 மட்டுமே. மற்றவை ஊருக்கு ஊர் மாறுகின்றன. கைரேகையைப் போல ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு கிருமி முத்திரை இருக்கிறது. அதுவரை எந்தப் பட்டியலிலும் பதிவாகாத பாக்டீரியாக்கள் 1,300 வரையும், வைரஸ்கள் 10,000-க்கு மேலும் அகப்பட்டன. இவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. உலகிலுள்ள நுண்ணுயிர்களில் மிகப் பெரும்பாலானவை நோய் தருபவையல்ல.

நோய் தரும் கிருமிகளின் சரித்திரம் நமக்குப் பழக்கமானது. 1845-ல், 24 வயது இளைஞரான எங்கெல்ஸ், இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை பற்றித் தமது நூலை வெளியிட்டார். மான்செஸ்டர் நகரில் இர்க் ஆற்றங்கரையோரம் நெருக்கியடித்து நின்ற குடியிருப்புகளையும், தோல் பதனிடும் சாலைகளின் கழிவையும், காய்ச்சலில் மடிந்த குடும்பங்களையும் அவர் அதில் வர்ணித்தார். அப்போது கிருமி என்றால் என்னவென்று வைத்தியர்களுக்கே தெரியாது. காலராக் கிருமியை ராபர்ட் காக் கல்கத்தாவில் ஒரு குளத்து நீரில் கண்டது 1884-ல்தான். ஆனால் கிருமியைப் பார்க்காமலே எங்கெல்ஸ் குற்றவாளியைப் பார்த்துவிட்டார்! குடிதண்ணீரும் சாக்கடையும் கலக்கும்படி வீடு கட்டி, அதற்கு வாடகையும் வாங்கியவனை அவர் சுட்டிக் காட்டினார்.

பிறகு என்ன நடந்தது? ஐரோப்பாவின் பெரு நகரங்களில் பாதாளச் சாக்கடை வந்தது, குழாய்த் தண்ணீர் வந்தது. லட்சக்கணக்கான உயிர்கள் பிழைத்தன. இது மனித குலத்தின் மாபெரும் சாதனைகளில் ஒன்று. இங்கேயோ கதை வேறு விதமாகப் போயிற்று. 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. 1898-ல் வெள்ளை சர்க்கார் நகர அபிவிருத்தி டிரஸ்ட் ஒன்றை அமைத்தது. கிருமியை ஒழிப்பது என்ற பெயரால் தொழிலாளர் வசித்த பகுதிகள் இடிக்கப்பட்டன, அகலமான சாலைகள் போடப்பட்டன. இடித்த அளவுக்கு வீடு கட்டித் தரப்படவில்லை. குடியிருந்தவர்கள் பக்கத்துச் சேரிகளில் போய் இன்னும் நெருக்கமாக அடைந்தார்கள். கிருமியும் அவர்களோடு போயிற்று. கிருமியின் பெயரால் ஏழையை விரட்டும் வழக்கம் அன்று தொடங்கியது, இன்றும் நிற்கவில்லை.

இனிப் புதிய விஷயத்துக்கு வருவோம்.

பின்லாந்துக்கும் ரஷ்யாவுக்கும் இடையே கரேலியா என்றொரு பிரதேசம் இருக்கிறது. இரண்டாவது உலக யுத்தத்தின் விளைவாக அது இரண்டாகப் பிரிந்தது. ஒரு பகுதி பின்லாந்திலும் மற்றொரு பகுதி சோவியத் யூனியனிலும் அமைந்தன. இரண்டு புறமும் தட்பவெப்பம் ஒன்று, காடுகளும் ஏரிகளும் ஒன்று. மக்களின் மூதாதையரும் பெருமளவு உறவினரே. ஆனால் வாழ்க்கை வேறாயிற்று. பின்லாந்துப் பகுதி வேகமாக நகரமயமாயிற்று. ரஷ்யப் பகுதியில் ஜனங்கள் தோட்டம் போட்டு, ஆடு மாடு வளர்த்து, காட்டில் காளான் பொறுக்கிப் பழைய மாதிரியே வாழ்ந்தார்கள். தாரி ஹாதெலா முதலிய பின்லாந்து வைத்தியர்களும் ரஷ்ய விஞ்ஞானிகளும் 1990-களின் பிற்பகுதியிலிருந்து இரு புறமும் உள்ளவர்களைச் சோதித்து ஒப்பிட்டார்கள். ஆஸ்துமா, அலர்ஜி, மூக்கடைப்பு ஆகியவை பின்லாந்துப் பகுதியில் பல மடங்கு அதிகம். யுத்த காலத்தில் பிறந்த முதியவர்களிடம் இந்த வித்தியாசம் அதிகம் இல்லை. அதற்குப் பின் பிறந்தவர்களிடம்தான் வளர்ந்து கொண்டே வந்திருக்கிறது. குழந்தைகளைத் தாக்கும், இன்சுலின் ஊசி இல்லாமல் பிழைக்க முடியாத நீரிழிவும் பின்லாந்துப் பகுதியில் சுமார் 6 மடங்கு அதிகம்.

இதைச் சோவியத் ஆட்சியின் வெற்றி என்று நாம் மார்தட்டிக் கொள்வதற்கில்லை. இரு புறத்து வாழ்க்கைத் தரத்துக்கும் இடையே இவ்வளவு பள்ளம் உள்ள எல்லைகள் உலகத்தில் சிலவே. அந்தப் பள்ளத்தில் இருந்தது ரஷ்யப் பகுதிதான். வறுமை ஆரோக்கியம் தந்தது என்று எவனாவது இதிலிருந்து முடிவு கட்டினால், அவன் விஞ்ஞானத்தையும் படிக்கவில்லை, வறுமையையும் பார்க்கவில்லை. இங்கே கவனிக்க வேண்டியது மண்ணோடும் விலங்குகளோடும் செடிகொடிகளோடும் இருந்த அன்றாட உறவு.

எப்படி என்றால், நம் உடம்பின் தற்காப்புப் படை பிறவியிலேயே எல்லாம் அறிந்ததல்ல. எது பகை, எது உறவு என்று அது பழகிக் கற்க வேண்டும். மண்ணிலும் செடியிலும் கால்நடையிலும் உள்ள எண்ணற்ற சாதுவான கிருமிகள்தான் அதற்கு வாத்தியார்கள். லண்டன் பேராசிரியர் கிரகாம் ரூக் இவற்றுக்குப் "பழைய நண்பர்கள்" என்று பெயர் வைத்தார். வாத்தியார் இல்லாமல் வளர்ந்த படை, பூந்தாதையும் வேர்க்கடலையையும் எதிரி என்று நினைத்துச் சுடுகிறது. சில சமயம் சொந்த உடம்பையே சுடுகிறது. வண்ணத்துப்பூச்சி ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்ற இல்கா ஹான்ஸ்கி, 2012-ல் கிழக்குப் பின்லாந்தின் 118 இளைஞர்களைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டார். அலர்ஜிக்கு ஆளாகும் உடம்பு உள்ளவர்களின் வீட்டைச் சுற்றித் தாவர வகைகள் குறைவாக இருந்தன. அவர்கள் தோலின் மேலுள்ள பாக்டீரியாக்களில் சில முக்கிய வகைகளும் குறைவாக இருந்தன.

இது தற்செயலாக இருக்கலாம் அல்லவா? அதனால் அந்நாட்டு விஞ்ஞானிகள் ஒரு பரிசோதனையே செய்து பார்த்தார்கள். நமக்கு மிகவும் பிடித்தது இதுதான். லாஹ்தி, தம்பெரெ ஆகிய இரு நகரங்களில் 3 வயது முதல் 5 வயது வரையுள்ள 75 குழந்தைகள், 10 குழந்தைகள் காப்பகங்கள். சில காப்பகங்களில் வெறும் சரளைக் கல் முற்றம். அப்படிப்பட்ட சில முற்றங்களில் காட்டுத் தரையிலிருந்து வெட்டி எடுத்த மண்ணையும் புல்தரைப் பாய்களையும் கொண்டு வந்து விரித்தார்கள். செடித் தொட்டிகள் வைத்தார்கள். குழந்தைகள் தினமும் அதில் தோண்டினார்கள், நட்டார்கள், உருண்டார்கள். 28 நாட்கள்தான்! அதற்குள் அந்தக் குழந்தைகளின் தோலில் நல்ல பாக்டீரியா வகைகள் பெருகிவிட்டன. ரத்தத்தில், தற்காப்புப் படையை அடக்கி ஒழுங்கில் வைக்கும் அணுக்களும் பொருள்களும் கூடியிருந்தன. 2020-ல் இந்த முடிவு வெளியாயிற்று. குழந்தைகள் 75 பேர் மட்டுமே. அளந்தது ரத்தத்தின் குறிகளை, வியாதியை அல்ல. இவ்வளவு எச்சரிக்கையோடுதான் இதை எடுத்துக் கொள்ள வேண்டும். ஆனாலும் மாத்திரையும் இல்லாமல் புட்டியும் இல்லாமல் ஒரு மாதத்தில் இது நடந்தது என்பது சாதாரண விஷயமல்ல.

சரி, மனத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஜப்பானில் கியூஷூ சர்வகலாசாலையில் 2004-ல் ஒரு பரிசோதனை முடிவை வெளியிட்டார்கள். கிருமியே இல்லாத கூண்டில் பிறந்து வளர்ந்த சுண்டெலிகளை அசையவிடாமல் அடைத்து வைத்தபோது, சாதாரண எலிகளைவிட அவற்றின் ரத்தத்தில் கலவர நேரத்துச் சுரப்பு அதிகமாகப் பொங்கியது. குஞ்சுப் பருவத்தில் குடலுக்குள் தகுந்த பாக்டீரியாவைச் சேர்த்தால் இது சரியாயிற்று. வளர்ந்த பிறகு சேர்த்தால் முழுவதும் சரியாகவில்லை. ஆக, குடலில் வாழும் உயிர் மூளையின் பதற்றத்தோடு பேசுகிறது. மண்ணிலுள்ள மைக்கோபாக்டீரியம் வாக்கே என்ற சாதுவான கிருமி இன்னொரு உதாரணம். உகாண்டா நாட்டு மண்ணிலிருந்து கிடைத்த இந்தக் கிருமியைக் கொன்று, நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்து 2004-ல் முடிவு சொன்னார்கள். ஆயுள் நீளவில்லை. ஆனால் நோயாளிகளின் வாழ்க்கை நிலை சற்றுத் தேறியிருந்தது. அப்புறம் கிறிஸ்டபர் லவ்ரி என்ற விஞ்ஞானியும் அவர் கூட்டாளிகளும் எலிகளுக்கு அதைச் செலுத்தி, மூளையில் செரட்டோனினை உண்டாக்கும் நரம்பணுக்கள் தூண்டப்படுவதை 2007-ல் காட்டினார்கள்.

மனிதர்களிடம்? ஜெர்மனியில் 40 ஆண்களை வைத்து நடந்த ஆராய்ச்சி 2018-ல் வெளிவந்தது. பாதிப் பேர் பண்ணையில் கால்நடைகளோடு வளர்ந்தவர்கள். பாதிப் பேர் பெரிய நகரத்தில் வளர்ப்புப் பிராணி கூட இல்லாமல் வளர்ந்தவர்கள். எல்லோரையும் அந்நியர் முன்னிலையில் பேசச் சொல்லி, கடினமான கணக்கும் போடச் சொன்னார்கள். வேலைக்கு நேர்முகப் பரீட்சை போன வாலிபர்களுக்கு இந்த நிலை நன்றாகத் தெரியும்! பண்ணைக்காரர்கள்தான் அதிகமாகப் பதறியதாகச் சொன்னார்கள். ஆனால் ரத்தத்தை எடுத்துப் பார்த்தபோது, உடம்பின் தற்காப்புப் படை அதிகமாகக் கிளர்ந்தெழுந்து, அடங்க நேரம் பிடித்தது நகரத்தில் வளர்ந்தவர்களிடம். இப்படி ஓயாமல் உள்ளே கனன்று கொண்டிருக்கும் அழற்சி, மனச்சோர்வு நோயாளிகளில் ஒரு பகுதியினரிடம் காணப்படுகிறது என்பது வைத்தியர்கள் ஒப்புக்கொண்ட விஷயம்.

இதற்கு மேல் பேசுகிறவர்கள் அளந்து விடுகிறார்கள். மண்ணில் கை வைத்தால் துக்கம் தீரும் என்று மனிதர்களிடம் யாரும் நிரூபித்துவிடவில்லை. எலி எலிதான். 40 பேர் 40 பேர்தான். ஆகையால் நமது தோழர்கள் சொன்ன வாடகை பாக்கியும் ஆட்குறைப்பும் மனச்சோர்வின் காரணங்களாக அப்படியே நிற்கின்றன. கிருமிகள் அவற்றின் இடத்தைப் பிடிக்க வரவில்லை. கடன்காரன் கதவைத் தட்டும்போது ஒரு உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதில் அவற்றுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்றே தெரிகிறது. அந்தத் தாங்கும் சக்தியையும் நகரம் உழைப்பாளியிடமிருந்து பறித்துக் கொள்கிறது என்பதுதான் நமது குற்றச்சாட்டு.

இப்போது அந்தக் கனவான்களிடம் வருவோம். "அழுக்கு நல்லது, ஏழைக் குழந்தைகள் அழுக்கில் புரள்கிறார்கள், ஆகவே அவர்கள் கொடுத்து வைத்தவர்கள்" என்கிறார்களே, இது எவ்வளவு பெரிய புரட்டு! காட்டு மண்ணில் இருக்கும் கிருமியும் சாக்கடையில் இருக்கும் கிருமியும் ஒன்றா? காலரா, டைபாயிடு, மஞ்சள் காமாலை இவையெல்லாம் பழைய நண்பர்களா? சோப்புப் போட்டுக் கை கழுவுவதையும் தடுப்பு ஊசியையும் நல்ல தண்ணீரையும் விட்டுவிடச் சொல்லவில்லை என்று ரூக் போன்றவர்களே வற்புறுத்திச் சொல்லியிருக்கிறார்கள். நகரத்து ஏழைக்கு நேர்ந்திருப்பது இரட்டை அநியாயம். கிராமத்து மண்ணின் நல்ல உயிர்கள் அவனுக்கு இல்லை. சாக்கடையின் கெட்ட உயிர்கள் மட்டும் ஏராளம். பணக்காரனுக்குச் சாக்கடை தரைக்கு அடியில் ஓடுகிறது, தோட்டம் ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது. ஏழைக்குத் தரை சிமெண்டு, சாக்கடை வாசலில்.

அந்தச் சாக்கடையில் இறங்குகிறவன் யார்? மனிதனை மலக்குழியில் இறக்குவதைத் தடை செய்யும் சட்டம் 2013-ல் வந்தது. அதற்குப் பின்னும் சாவுகள் நிற்கவில்லை. இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. விஷவாயுவால் உடனே இறப்பவர்களாவது செய்தியில் வருகிறார்கள். எலிக்காய்ச்சலாலும் தோல் வியாதியாலும் வயிற்று நோயாலும் அணு அணுவாகத் தேய்கிற துப்புரவுத் தொழிலாளியை எந்தக் கணக்கும் காட்டுவதில்லை. நகரத்துக் கிருமிகளைப் பற்றி ஆராய்கிறவர்கள் ரயில் நிலையக் கைப்பிடியைத் துடைத்ததோடு நில்லாமல், இவருடைய கையையும் சோதித்துப் பார்க்கட்டும்!

கிருமிகளைக் கெடுப்பதிலும் முதலாளிகளின் கை இருக்கிறது. ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் சுமார் 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவு நீரைச் சுத்தம் செய்யும் நிலையம் ஒன்று இருந்தது. சுத்தம் செய்து வெளியே விட்ட தண்ணீரை ஸ்வீடன் விஞ்ஞானிகள் சோதித்து 2007-ல் எழுதினார்கள். சிப்ரோபிளாக்ஸசின் என்ற மருந்து ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை அதில் இருந்தது. மருந்து சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் கூட அவ்வளவு இராது! ஒரே நாளில் வெளியேறியது சுமார் 45 கிலோ என்று கணக்கிட்டார்கள். ஸ்வீடன் நாடு முழுவதும் 5 நாட்களில் உட்கொள்ளும் அளவு அது. இப்படி மருந்திலேயே ஊறி வளர்கிற கிருமி, மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறுகிறது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-ல் மட்டும் உலகத்தில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மலிவாக மருந்து செய்து லாபம் எடுத்தவன் ஒருவன். ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்து, எந்த ஊசிக்கும் கேட்காத காய்ச்சலோடு போராடுகிறவன் வேறொருவன்.

சென்னையைப் பார்ப்போம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்குக் கொண்டு போய் இறக்கப்பட்டன. பம்பாய் டிரஸ்டின் காலத்தோடு ஒப்பிட்டால் ஒரு முன்னேற்றம் உண்டு: வீடு கட்டிக் கொடுத்தார்கள். அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் வேலை ஓரிடம், வீடு ஓரிடம். வீட்டு வேலைக்குப் போன பெண்கள் வேலையை இழந்தார்கள். பல மாடிக் கட்டிடங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. நடுவே சிமெண்டுத் தரை. மண்ணில் விளையாடுவதற்கு ஒரு குழந்தை எத்தனை மாடி இறங்கி எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? ஆற்றங்கரையில் சாக்கடைக் கிருமியோடு வாழ்ந்தவர்களுக்கு, அதற்குப் பதில் நல்ல மண் கிடைத்திருக்க வேண்டும். அதைப் பற்றித் திட்டம் போட்டவர்கள் நினைத்தே பார்க்கவில்லை.

பின்லாந்து சர்க்கார் 2008 முதல் 2018 வரை பத்து ஆண்டு அலர்ஜித் திட்டம் ஒன்றை நாடு முழுவதும் நடத்தியது. இயற்கையோடு உறவை வளர்ப்பதும் அதில் ஒரு அம்சம். அது பணக்கார முதலாளித்துவ நாடு என்பது வாஸ்தவம். ஆனால் குழந்தைகள் காப்பக முற்றத்தில் விரித்தது தங்கத்தை அல்ல, மண்ணைத்தான். தமிழ்நாட்டில் 54,000-க்கு மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. தொழிலாளிகளும் ஊழியர்களும் போராடிக் காப்பாற்றி வரும் அமைப்பு அது. நகரங்களில் இவற்றில் பல ஒற்றை அறையில், வாடகைக் கட்டிடத்தில், முற்றமே இல்லாமல் நடக்கின்றன.

ஆகவே நமது கிளைகளும் மாதர், வாலிபர் சங்கங்களும் ஒவ்வொரு வார்டிலும் ஒரு கணக்கு எடுக்க வேண்டும் என்று யோசனை கூறுகிறோம். அங்கன்வாடியில் குழாய் இருக்கிறதா, அதில் நல்ல தண்ணீர் வருகிறதா, கக்கூஸ் இருக்கிறதா, சாக்கடை மூடியிருக்கிறதா? இவை முதல் கேள்விகள். அடுத்தது, குழந்தைகள் உட்கார்ந்து தோண்ட எத்தனை சதுர அடி மண் இருக்கிறது? பக்கத்தில் மாநகராட்சிப் புறம்போக்கு நிலம் இருந்தால் அது யார் கையில் இருக்கிறது? அந்த மண்ணில் சாக்கடை நீரோ ஈயமோ கலந்திருக்கிறதா என்று சோதித்துத் தர வேண்டியது மாநகராட்சியின் பொறுப்பு. தண்ணீர், சாக்கடைக் கணக்கும் மண் கணக்கும் ஒரே மனுவில் இருக்கட்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளிப்போட அதிகாரிகளுக்கு இடம் கொடுக்கக் கூடாது. மாநகராட்சி அடுத்த பட்ஜெட்டைத் தயாரிக்கத் தொடங்கும் முன்பே இந்த மனுக்கள் மேயரின் மேஜைக்குப் போய்ச் சேர வேண்டும்.